தும்பைக்குளத்து வண்டிப்பாதை

போன மாதம் மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நில அளவைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அலுவலகத்துக்கு ரோவர் என்ற கருவி வந்திருக்கிறதாம். ஒரு கம்பு, அதன் தலையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வெள்ளைப் பெட்டி. ஊன்றி நின்றால் போதும், நாம் நிற்கும் இடம் எது என்று செயற்கைக்கோள்களைக் கேட்டுச் சொல்லிவிடும்.

“இந்தக் கரிசல்ல சங்கிலிய இழுத்துக்கிட்டு எப்படி மேடம் அளந்தீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

கஷ்டப்பட்டுத்தான் அளந்தோம் என்றேன். சங்கிலி போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. சித்திரை வெயிலில் அது உள்ளங்கையைச் சுடும், மழைக்காலத்தில் மண்ணை அப்பிக்கொண்டு மலைப்பாம்பு மாதிரி கனக்கும். என் வலது தோள் இன்றைக்கும் அதற்காக வலித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கருவி வந்திருக்கிறது, சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கிளம்பும்போது இன்னொருத்தி, கழுகுமலைப் பெண், செருப்பை மாட்டியபடியே கேட்டாள். “ரெண்டு பக்கத்து ஆளுகளும் வந்து சுத்தி நின்னா எனக்குக் கை நடுங்குது மேடம். உங்களுக்கு நடுங்குமா?”

நடுங்கும் என்றேன். அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எங்கள் வட்டத்தில் பெண் அளவர் வேறு யாரும் இல்லை. பயிற்சியில் சங்கிலி பிடிக்கவும், கொடி நட்டு நேர்கோடு பார்க்கவும், செங்கோணம் எடுக்கவும், புலப்படம் வரையவும் சொல்லிக் கொடுத்தார்கள். புலப்படம் என்பது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவுகளோடு வரைந்து வைத்திருக்கும் படம். காகிதத்தில் எல்லாம் அழகாக வந்தது. முதல் முறை புதூர்ப் பக்கம் ஒரு பருத்திக் காட்டுக்குள் இறங்கியபோதுதான், காகிதத்தில் இருக்கும் கல் காட்டில் இருக்காது என்று தெரிந்தது.

கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் அது உப்பும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். உப்பியும் வெடித்தும், தன் மேல் நிற்கிற எதையும் அது சும்மா விடுவதில்லை. வீட்டுச் சுவரைப் பிளக்கும். நாங்கள் நட்ட எல்லைக் கல்லை வருடா வருடம் கொஞ்சம் சாய்க்கும், கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விழுங்கும். செம்மண் செவலில் நட்ட கல் அப்படியே இருக்கும். கரிசலில் நட்ட கல்லை நம்பி ஒரு வழக்கைத் தீர்க்க முடியாது. ஒரு கல்லைப் பார்த்தால் அதைச் சரிபார்க்க இன்னொரு கல் வேண்டும், அந்த இன்னொன்று எங்கே கெட்டியான தரையில் நிற்கிறது என்று தேட வேண்டும். என் வேலையில் பாதி அந்தத் தேடல்தான்.

எங்கள் தலைமை அளவர் மகாலிங்கம் சார். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. எந்தக் காலத்திலும் கையில் கறுப்புக் குடை. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை, யாரிடமும் முடியாது என்று சொல்லியும் பார்த்ததில்லை. மேலதிகாரி ஏதாவது கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவருக்கே சலித்துப் போகும். பயந்த மனிதர் என்று அலுவலகத்தில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலையில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காலையில் சங்கிலியை எடுத்ததும், அலுவலக வராந்தாவில் செதுக்கி வைத்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே அதை நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வளையம் விரிந்திருந்தாலும் தட்டிச் சரிசெய்த பிறகுதான் கிளம்பலாம். அளக்கப் போகிற இடத்தில் எந்தத் தரப்பின் தண்ணீரையும் குடிக்கக் கூடாது, நாற்காலி போட்டாலும் உட்காரக் கூடாது. ஒருமுறை கடம்பூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கு வரப்பு அளந்தோம். வேலை முடிந்ததும் அண்ணன்காரர் போளி வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். தாழம்பூ நிறத்தில், நெய் மினுங்க, சூடு ஆறாத போளி. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சார் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கி, பிரித்து, ஒன்றை அண்ணனிடமும் ஒன்றைத் தம்பியிடமும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தம்பி மனைவியிடம் நீட்டினார். “நாங்க பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுதோம்” என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டில் போளி தீர்ந்து போயிருந்தது.

இன்னொரு பழக்கம், நாங்கள் அளந்து முடித்ததும் அவர் சொல்லும் வாக்கியம். “நீங்க அளந்தது சரி. இப்ப அந்தக் கோடியில இருந்து அளங்க.” ஆரம்பித்த இடத்திலிருந்து வந்த அளவும், முடித்த இடத்திலிருந்து திரும்பிய அளவும் ஒன்றில் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் கையெழுத்து. வெயிலில் வெந்து முடித்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன்.

இனி தும்பைக்குளம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, மனு கொடுக்கிற கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா என் மேசைக்கு வந்தார். பெயர் பேச்சியம்மாள். தும்பைக்குளம் கீழக் காலனி. ஆயுள் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்தின் கறை இன்னும் இருந்தது.

“எங்க ஊருல பொணம் போற பாதையக் காணோம்மா” என்றார்.

“பாதை எப்படிம்மா காணாமப் போகும்?”

“வருசத்துக்கு ஒரு சால் சேத்து உழுதா எங்கன இருக்கும்? கண்ணு முன்னாலயே கரைஞ்சு போச்சு. இப்பம் கம்பி வேலியும் போட்டாச்சு. கரண்டு கம்பெனிக்குக் குடுக்கப் போறாவளாம்.”

சூரிய மின்சாரத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் நிலம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஓடைக்குள்ள எறங்கித்தான். காஞ்சு கெடந்தா கஷ்டமில்ல. ஐப்பசி கார்த்திகைல செத்தவிய என்ன செய்ய? எங்க வீட்டுக்காரர அப்படித்தான் கொண்டு போனாவ. தண்ணி இழுத்த இழுப்புல ஒருத்தனுக்குக் கால் இடறி, பாடை சாஞ்சு, அவரு தண்ணிக்குள்ள போயிட்டாரு. செத்த மனுசரைத் தேடிப் புடிச்சோம்மா, முள்ளுக்குள்ள இருந்து.”

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. மேசையில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு சொன்னார். “எனக்கு அப்படி ஆகக் கூடாது. அளந்து குடுங்க.”

அடுத்த வாரம், அளப்பதற்கு முன் இடத்தைப் பார்த்து வரப் போனேன். பேச்சியம்மாளும் அவர் மகள் மாரியம்மாளும் கூட வந்தார்கள். மாரியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும், அம்மாவைப் போலவே அவளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். காட்டு விளிம்பில் பேச்சியம்மாள் நின்றுகொண்டார். சுடுகாட்டுப் பக்கம் பொம்பளைகள் போவதில்லை என்றார். கையை நீட்டி, “அந்தா தெரியுதுல்ல, அந்த மேடுதான் எங்க பழைய ஊரு” என்றார்.

தும்பைக்குளம் இரண்டு முறை பிறந்த ஊர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் அது இருந்தது அந்தச் சரள் மேட்டில், கெட்டியான சரளைக்கல் தரையில். மேட்டின் மேலே ஒரு பகுதியிலும் கீழே ஒரு பகுதியிலுமாக எல்லோரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பேதி வந்து, வீட்டுக்கு வீடு ஆள் விழுந்து, மிச்சமிருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் சாலையோரம் வீடு கட்டினார்கள். கீழே இருந்தவர்களுக்கு ஓடைக்கரைப் பள்ளம் கிடைத்தது. செத்தவர்களை மட்டும் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே புதைத்து வந்தார்கள். புலப்படத்தில் ‘வண்டிப்பாதை’ என்று போட்டிருந்தது அந்தப் பழைய ஊருக்குப் போகிற பாதை. மாட்டுவண்டியும் கல்யாண ஊர்வலமும் சந்தைக்குப் போகிற மூட்டைகளும் போன, ஊர்ப் பொதுப் பாதை.

நான் தனியாக மேட்டில் ஏறிப் பார்த்தேன். காலை வைத்த இடமெல்லாம் ஓட்டாஞ்சில்லுகள். கல் கட்டிய ஒரு கிணறு, தூர்ந்து, உள்ளே வேலிக்கருவை முளைத்திருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் மூன்று மண் பீடங்கள், சுண்ணாம்பு அடித்து, போன மாசிக்குச் சாத்திய மாலை காய்ந்து கிடந்தது. அது யாருடைய சாமி என்று திரும்பி வந்து கேட்டேன்.

“ரெங்கசாமி மொதலாளி வீட்டுச் சாமி” என்றார் பேச்சியம்மாள். “சிவராத்திரிக்குச் சுத்திக்கிட்டு வடக்க உள்ள ரோட்டு வழியா கார்ல வருவாவ.”

பாதையை உழுது வேலி போட்டவரும் அதே ரெங்கசாமிதான்.

மேட்டின் தெற்கு முனையில் நான் தேடிப் போனது இருந்தது. மூன்று ஊர்களின் எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட பெரிய கல். சரளுக்குள் வேரோடியதுபோல நின்றது, ஒரு பக்கமும் சாயவில்லை. அந்தக் காட்டில் நம்பி நிற்கக்கூடிய இடம் அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அளப்பதற்கு நாள் குறித்து இரண்டு தரப்புக்கும் அறிவிப்பு கொடுத்தோம். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. குறித்த நாளுக்கு முந்தைய சாயங்காலம் பேச்சியம்மாள் இறந்துபோனார்.

காலையில் மகாலிங்கம் சார் போன் செய்தார். “ஓடைல தண்ணி போகுது. பொணம் வீட்டுல இருக்கு. ரெண்டு பக்கமும் ஆளு கூடுது. மேல இருந்து, ஒத்தி வைக்கச் சொல்லுதாங்க.”

“ஒத்தி வைச்சா அந்த அம்மாவை எந்த வழியா சார் கொண்டு போவாங்க?”

கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

“நோட்டீஸ் கொடுத்த நாள் இன்னைக்குத்தான் சார். ஒத்தி வைக்கணும்னா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. எழுத்துல வர்ற வரைக்கும் நான் போறேன்” என்றேன். சொல்லும்போது கை நடுங்கியது. அதனால்தான் அந்தப் பெண்ணிடம் நடுங்கும் என்று சொன்னேன்.

“சரி” என்றார். எந்தச் சரி என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.

சங்கிலி ஆள் வேலுவும் நானும் தும்பைக்குளத்தில் இறங்கியபோது தூறல் விட்டிருந்தது. காலனியில் குளிர்பெட்டி சத்தம் கேட்டது, நாங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் கரண்டு போய் அதுவும் நின்றது. வேலிக்கு வெளியே காலனி ஆட்கள். வேலிக்கு உள்ளே ரெங்கசாமியும் அவர் சொந்தக்காரர்களும். நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள்.

ரெங்கசாமி நல்ல மரியாதைக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்க். “வாங்கம்மா. மழையில வந்திருக்கீங்க, காப்பி சாப்பிடுங்க” என்றார். வேண்டாம் என்றேன்.

சாலையோரம் ஒரு கல்லைக் காட்டினார். “இந்தா இருக்கு கல்லு. எங்க அப்பா காலத்துக் கல்லு. இதுல இருந்து அளங்க. பாதை ஓடைக்குள்ளதான் போகும். நான் யாருடைய வழியையும் மறிக்கல.”

“இந்தக் கல்லையும் அளப்போம் அண்ணாச்சி. ஆனா நான் ஆரம்பிக்கிறது மேட்டுல இருந்து.”

“மேட்டுல இருந்தா? அது இங்க இருந்து எம்புட்டு தூரம்! இந்தச் சகதியில?”

“ஆமா.”

வேலுவே தயங்கினான். “சுடுகாட்டத் தாண்டிப் போகணும்மா. நீங்க பொம்பள...” என்று இழுத்தான். கொடிக்கம்புகளை எடு என்றேன்.

ஈரக் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஓர் அடி வைத்தால் மண் பாதத்தோடு வரும். அடுத்த அடியில் அதன் மேல் இன்னொரு அப்பல். பத்தடி போவதற்குள் இரண்டு கால்களிலும் ஆட்டுக்கல்லைக் கட்டியதுபோல ஆகிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். நின்று குச்சியால் வழிப்பதும் நடப்பதுமாக மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்லை மறுபடி சுற்றிப் பார்த்தேன். தலையில் செதுக்கிய குறி தெளிவாக இருந்தது. தூர்ந்த கிணற்றுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்தேன். படத்தில் போட்டிருந்த அளவு அப்படியே வந்தது. எனக்கு மூச்சு சீரானது. கல்லும் நகரவில்லை, கிணறும் நகரவில்லை. இனி யார் என்ன சொன்னாலும் நான் நிற்க ஓர் இடம் இருந்தது.

அங்கிருந்து கொடி நட்டு, நேர் பார்த்து, சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வளையங்களுக்குள் அடைத்த மண்ணைத் துணியால் துடைத்தோம். மண் அடைத்திருந்தால் சங்கிலி குட்டையாகும், அளவு பொய் சொல்லும். வேலிக்குப் பக்கத்தில் வந்தபோது கோடு ஓடைப் பக்கம் திரும்பவில்லை. கம்பியைத் தாண்டி நேரே உள்ளே போனது. முழங்கால் உயரம் நின்ற உளுந்துக்குள் இறங்கிக் கொடியை நட்டேன்.

கூச்சல் கிளம்பியது. ரெங்கசாமியின் தம்பி மகன், மீசைக்காரன், பாய்ந்து வந்து கொடியைப் பிடுங்கி எறிந்தான். “ஏலே, பயிருக்குள்ள எவம்ல எறங்குனது!” என்று வேலுவை நோக்கிக் கத்தினான். வேலு பின்வாங்கினான். வெளியே நின்றவர்கள் வேலியை உலுக்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் என்னிடம், “போதும்மா, கெளம்புங்க, பெருசாயிரும்” என்றார்.

நான் போய்க் கொடியை எடுத்தேன். துணியில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தேன். அதே குழியில் மறுபடியும் நட்டேன். அவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் அந்தக் கம்புதான் இருந்தது. “நீங்க பிடுங்கினா நான் மறுபடி மேட்டுல இருந்து அளந்துக்கிட்டு வரணும். வருவேன். பொழுது நெறைய இருக்கு” என்றேன். ரெங்கசாமி அவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அப்போதுதான் சாலையில் கறுப்புக் குடை தெரிந்தது. மகாலிங்கம் சார் வண்டியை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகதிக்குள் இறங்கி வந்தார். ஒத்திவைப்பு உத்தரவு கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கொடியைப் பார்த்தார், நான் குறித்திருந்த அளவுகளைப் படித்தார், ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து.

“மேடம் அளந்தது சரி” என்றார் எல்லோரும் கேட்கும்படி. “இப்ப அந்தக் கோடியில இருந்து அளப்போம். அண்ணாச்சி காட்டுத கல்லுல இருந்து.”

காலனி ஆட்கள் முகத்தில் கோபம் ஏறியது. அவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். ரெங்கசாமியின் முகம் தெளிந்தது. சார் குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். வேலுவின் கையிலிருந்து சங்கிலியின் ஒரு நுனியை வாங்கிக்கொண்டார். மேசையில் கண்ணாடி துடைக்கிற அந்த மனிதர் முழங்கால் வரை கரிசல் ஏற, ரெங்கசாமியின் கல்லிலிருந்து மேடு வரை தானே சங்கிலி இழுத்து அளந்தார்.

பொருந்தவில்லை. ஒரு பாதையின் அகலத்துக்கும் கூடுதலாக இடித்தது.

திரும்பி வந்து, மூச்சு வாங்கியபடி சொன்னார். “அண்ணாச்சி, இந்தக் கல்லு அதோட எடத்துல இல்ல. நகந்திருக்கு.”

“யாரு நகத்துனா? என்னைக் களவாணிங்கீங்களா?”

மறுபடி எல்லோரும் நெருங்கி வந்தார்கள். நான் குறுக்கே சொன்னேன். “கரிசல் கல்லை இழுக்கும் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா?”

அவர் என்னைப் பார்த்தார். கரிசல் இழுத்த கல் சாய்ந்துதான் நிற்கும். அந்தக் கல் தூக்குக்குண்டு வைத்து நட்டதுபோல நேராக நின்றது. அது எனக்குத் தெரிந்தது. சாருக்கும் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. எனக்கு வேண்டியது பாதை. அவரைத் திருடன் என்று நிரூபிப்பதற்காக நான் அங்கே போகவில்லை.

அப்போது மாரியம்மாள் வேலிக்கு வெளியே இருந்து பேசினாள். அம்மா இறந்த வீட்டிலிருந்து வந்தவள், தலை முடியாமல் கிடந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன்.”

அவள் ஆட்கள் எல்லோரும் அவரை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின.

“மாசிச் சிவராத்திரிக் களரிக்கு உங்க அம்மா பொங்கப்பானைய மேட்டுச் சாமிக்கு எந்த வழியா கொண்டு போனாவ? ஓடைக்குள்ள எறங்கியா போனாவ?”

ரெங்கசாமி கையில் இருந்த பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தம்பி மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேலிய அவுத்துக்கோங்க” என்றார் கடைசியில். “உளுந்த மிதிக்காமப் போக முடியாது. மிதிச்சிட்டே போங்க. ஆனா அம்மா, நான் இத இதோட விட மாட்டேன். மேல அப்பீல் போவேன்.”

“போங்க அண்ணாச்சி. அது உங்க உரிமை” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் சாலைக்கு ஏறிப் போனார்.

கொடிகளுக்கு நடுவே பேச்சியம்மாள் போனார். தூக்கியவர்கள் அடிக்கடி தோள் மாற்ற வேண்டியிருந்தது, அந்த மண் யாரையும் வேகமாக நடக்க விடாது. தெரு முனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். மாரியம்மாள் நிற்கவில்லை. “ஏட்டி, நில்லு, பொம்பளைக வரக் கூடாது” என்று ஒரு பெரியவர் சொன்னார்.

“நான் சுடுகாட்டுக்கு வரல மாமா. பாதையிலதான் நடக்கேன். எங்கம்மா கேட்டு வாங்குன பாதை” என்றாள்.

நானும் அவளோடு நடந்தேன். கடைசிக் கொடி வரைக்கும் வந்து அங்கேயே நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

ரெங்கசாமி சொன்னபடியே மேல்முறையீடு செய்தார். மேலே இருந்து நிறையக் கேள்விகள் வந்தன. ஒத்திவைக்கச் சொல்லியும் ஏன் அளந்தீர்கள் என்று மகாலிங்கம் சாரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு ஒரே வரியில் பதில் எழுதினார்: அளவு சரியாக இருக்கிறது, சந்தேகமிருந்தால் வேறு ஆளை வைத்து அளந்து கொள்ளலாம். வேறு வட்டத்திலிருந்து அளவர்கள் வந்தார்கள். அவர்களும் அதே கோட்டில்தான் வந்து நின்றார்கள். சார் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். பயந்த மனிதர் என்று அவரை யாராவது சொன்னால் நான் இப்போது சும்மா இருப்பதில்லை.

தை பிறந்து காடு காய்ந்ததும் கல் நடப் போனேன். ரெங்கசாமி உளுந்து அறுத்திருந்தார். பாதை விழும் துண்டை அவராகவே உழாமல் விட்டிருந்தார். அவர் மட்டும் அங்கே வரவில்லை.

குழி தோண்டுவதற்கு இரண்டு பேர் போதும் என்று நினைத்திருந்தேன். மாரியம்மாள் அன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாமல், கீழக் காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் மம்பட்டியும் தலையில் சட்டியும்.

“இந்த மண்ணு கல்ல இழுக்கும்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க?” என்றாள் என்னிடம். “அப்பம் எவ்வளவு ஆழம் தோண்டணும்?”

ஆழம் மட்டும் போதாது, கல்லைச் சுற்றிக் கரிசல் படாமல் சரள் போட்டு இறுக்க வேண்டும் என்றேன்.

“சரளா? அது எங்க ஊருலல்லா கெடக்கு” என்று மேட்டைப் பார்த்தாள்.

பெண்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். சுடுகாட்டைத் தாண்டித்தான் மேட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார்கள், யாரும் யாரையும் தடுக்கவில்லை. பழைய ஊரின் சரளை வெட்டி, ஓட்டாஞ்சில்லுகளோடு சேர்த்துச் சட்டி சட்டியாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். நான் நூல் பிடித்துக் கல்லை நிறுத்தினேன். ஒருத்தி கொட்ட, ஒருத்தி கடப்பாரையால் குத்த, ஒருத்தி தண்ணீர் விட்டாள். குழி நிறைந்ததும் மாரியம்மாள் கல்லின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் பாரம் முழுவதையும் கொடுத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் போய் நின்று ஆட்டினாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அசையல. வாங்கம்மா, அடுத்த கல்லுக்குப் போவோம்.”